பழைய வெஸ்டர்ன் சேணம்: அடையாளம் காண்பதும் விலை மதிப்பதும்

பழைய வெஸ்டர்ன் சேணம் ஒன்று விற்பனைக்கு வந்தால், புதியவர் அதன் மேலே செதுக்கியிருக்கும் பூ வேலையையும் ஓரங்களில் மின்னும் வெள்ளி வில்லைகளையும் முதலில் பார்ப்பார். தொழில் தெரிந்தவரோ அதைத் தூக்கிக் கவிழ்த்து, அடிப்பக்கத்து ஆட்டுரோமத்தை விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது வழக்கு. சேணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. தாத்தா காலத்துக் கொட்டகையிலிருந்து இலவசமாகவே வந்தாலும் அதைக் கவிழ்த்துப் பார்த்தாக வேண்டும். ஐம்பது டாலர் சேணத்துக்கும் ஐயாயிரம் டாலர் சேணத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது.

வெஸ்டர்ன் சேணம் அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் மாடு மேய்த்தவர்களின் தொழிற்கருவி. ஸ்பானியர் மெக்சிகோவுக்குக் கொண்டுவந்த சேணத்தை, அங்கே வக்கேரோ என்று அழைக்கப்பட்ட மாட்டுக்காரர்கள் தங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றினார்கள். அவர்களிடமிருந்து டெக்ஸஸும் கலிஃபோர்னியாவும் அதை எடுத்துக்கொண்டு, 19ஆம் நூற்றாண்டில் ஆளுக்கொரு பாணியாக வளர்த்தன. சுருக்குக் கயிற்றில் சிக்கிய மாட்டின் இழுப்பைத் தாங்குவதற்காக முன்புறம் நிமிர்ந்து நிற்கும் கொம்புதான் இதன் முதல் அடையாளம். எடை பொதுவாக 25 முதல் 40 பவுண்டு வரை, அதாவது 11 முதல் 18 கிலோ வரை இருக்கும். நாள் முழுவதும் சவாரி செய்பவரின் பாரத்தைக் குதிரையின் முதுகில் பரவலாக இறக்க வேண்டியிருப்பதால் அடிப்பரப்பும் அகலமாக இருக்கும். கொம்பே இல்லாமல், இருக்கையின் நடுவே நீளவாக்கில் திறந்த பிளவோடு ஒரு பழைய சேணம் கிடைத்தால், அது பெரும்பாலும் 1859இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட மெக்லெல்லன் சேணமாக இருக்கும். கவ்பாய் சேணம் என்ற பெயரில் அதை அடிக்கடி விற்கிறார்கள். அதற்கென்று தனிச் சேகரிப்பாளர்களும் தனி விலையும் உண்டு. இங்கே சொல்லப்போகும் கணக்கு அதற்குப் பொருந்தாது.

உறுப்புகளின் பெயர்களை ஒருமுறை தெரிந்துகொண்டால் மற்றவை எளிது. கொம்பைத் தாங்கி நிற்கும் முன்பகுதி ஃபோர்க். அது இருபுறமும் தோள்போலப் புடைத்திருந்தால் அந்தப் புடைப்பு ஸ்வெல். ஃபோர்க்கின் அடியில், குதிரையின் தோள்மேட்டுக்கு மேலே வளைவாக விட்டிருக்கும் இடைவெளி கல்லெட். உட்காருபவரின் பின்னால் சிறு சுவர்போல எழும்புவது கேண்டில். குதிரையின் முதுகோடு படியும் பெரிய தோல் ஸ்கர்ட். சவாரி செய்பவரின் காலுக்கும் குதிரையின் விலாவுக்கும் நடுவே தொங்கும் அகலத் தோல் ஃபெண்டர். அதன் முனையில் அங்கவடி. வயிற்றைச் சுற்றி இறுக்கும் பட்டையைச் சின்ச் என்றும், அதை இழுத்துக் கட்டும் நீண்ட வாரை லட்டிகோ என்றும், இவை மாட்டப்படும் வளையங்களின் அமைப்பை ரிக்கிங் என்றும் சொல்வார்கள். அமெரிக்கக் கடைகளிலும் ஏலங்களிலும் இதே சொற்கள்தான் புழங்குகின்றன என்பதால் அவற்றை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

இத்தனை தோலுக்கும் உள்ளே ஒரு எலும்புக்கூடு இருக்கிறது. அதைத்தான் ட்ரீ என்கிறார்கள். குதிரையின் முதுகெலும்புக்கு இருபுறமும் நீளமாகப் படுத்திருக்கும் இரண்டு கட்டைகள், அவற்றை முன்னால் இணைக்கும் ஃபோர்க், பின்னால் இணைக்கும் கேண்டில், ஃபோர்க்கின் தலையில் முடுக்கிய உலோகக் கொம்பு ஆகிய இவ்வளவும் சேர்ந்ததே ட்ரீ. அந்த நீளக் கட்டைகளைப் பார் என்பார்கள். நல்ல வேலைப்பாட்டில் மரத்தாலான ட்ரீயின்மேல் ஈரமான பச்சைத் தோலை இழுத்துத் தைத்துக் காயவிடுவார்கள். காயும்போது அது சுருங்கி மரத்தை இரும்புப் பூண்போலக் கவ்விக்கொள்ளும். பிற்காலத்தில் மரத்தின்மேல் கண்ணாடியிழை பூசிய ட்ரீகளும், முழுக்கவே பிளாஸ்டிக்கில் வார்த்த ட்ரீகளும் வந்தன. கடினமில்லாத சவாரிக்கு அவையும் போதும். மாட்டைக் கயிற்றில் கட்டி இழுக்கும் வேலைக்குப் பச்சைத் தோல் போர்த்திய மர ட்ரீயையோ, அதற்காகவே உறுதியாகச் செய்த கண்ணாடியிழை ட்ரீயையோதான் நம்புவார்கள்.

ட்ரீ உடைந்த சேணம் சவாரிக்கு ஆகாது. உடைந்த மரம் குதிரையின் முதுகில் ஒரே இடத்தில் குத்தும். குதிரை துள்ளும், முதுகு புண்ணாகும். பழுது பார்ப்பதென்றால் தோலை எல்லாம் உரித்து, புதிய ட்ரீயின்மேல் மறுபடி பூட்ட வேண்டும். தொழிற்சாலையில் செய்த சாதாரணச் சேணத்துக்கு அந்தக் கூலி, சேணத்தின் விலையையே தாண்டிவிடும். ஆகவே சோதனையை இங்கிருந்து தொடங்குவதுதான் முறை.

முதலில் கொம்பைக் கையால் பற்றி நான்கு திசையிலும் ஆட்டிப் பாருங்கள். சிறிதும் அசையக் கூடாது. அசைந்தால் உள்ளே திருகு கழன்றிருக்கலாம், அல்லது ஃபோர்க் மரம் பிளந்திருக்கலாம். அடுத்து, சேணத்தை முன்பக்கம் கீழே இருக்கும்படி தரையில் நிறுத்தி, அடிப்பக்கத்தைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, கேண்டிலை இரு கைகளாலும் பிடித்துக் கொம்பை நோக்கி அழுத்த வேண்டும். பார்கள் முழுதாக இருந்தால் சேணம் ஒரே கட்டையாக எதிர்த்து நிற்கும். உடைந்திருந்தால் இருக்கையின் நடுத்தோல் மடிந்து சுருங்கும், உள்ளேயிருந்து மரம் மரத்தோடு உரசும் முனகலும் கேட்கலாம். மூன்றாவதாக, கவிழ்த்து வைத்து, கல்லெட்டின் இரு பக்கங்களையும் ஒன்றையொன்று நெருங்கும்படி அழுத்தியும் விலக்கியும் பார்க்க வேண்டும். இங்கே அசைவு தெரிந்தால் ஃபோர்க் போய்விட்டது என்று பொருள். கடைசியாக, பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கேண்டிலின் நடுவும் கொம்பும் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். குதிரை மேலே விழுந்து புரண்ட சேணங்கள் இந்தப் பார்வையில்தான் மாட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வளைந்துகொடுக்கும்படி வேண்டுமென்றே செய்த ட்ரீகள் சில இருக்கின்றன. ட்ரீயே இல்லாத சேணங்களும் விற்கின்றன. பிளாஸ்டிக் ட்ரீயும் சற்று நெகிழும். நெகிழ்வு இரு பக்கமும் ஒரே அளவாக, ஓசையில்லாமல் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் மடங்கினாலோ, மடங்கும் இடத்தில் கூர்மையான முனை தட்டுப்பட்டாலோ, விற்பவர் சொல்லும் காரணம் எதுவானாலும் ஏற்க வேண்டாம்.

ட்ரீ தேறிய பிறகு தோல். சேணத்துக்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத் தோலைத்தான் பயன்படுத்துவார்கள். அதன் தடிமனை அமெரிக்கத் தோல்காரர்கள் அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள். ஓர் அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு. நல்ல சேணத் தோல் 13 முதல் 15 அவுன்ஸ், அதாவது 5 முதல் 6 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸில் 1881இல் தொடங்கிய ஹெர்மன் ஓக் தோல்பதனிடும் நிறுவனத்தின் தோலில் செய்தது என்று சேணம் செய்பவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். விற்பனைக் குறிப்பில் அந்தப் பெயர் வந்தால் அது வெறும் அலங்காரமல்ல. ஸ்கர்ட்டின் வெட்டிய விளிம்பைப் பார்த்தாலே தடிமன் தெரியும். விளிம்பு ஒரே தோலாக, மெழுகு தேய்த்து வழவழப்பாக இருந்தால் நல்லது. இரண்டு மெல்லிய தோல்களுக்கு நடுவே அட்டையோ ரப்பரோ வைத்து ஒட்டித் தைத்திருந்தால், அது மலிவுச் சரக்கு.

காய்ந்த தோலும் செத்த தோலும் ஒன்றல்ல. காய்ந்தது எண்ணெயும் சோப்பும் கண்டால் உயிர் பெறும். ஃபெண்டரின் மேற்பகுதியில், அங்கவடி வார் மடங்கும் இடத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள்: மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் மட்டும் தெரிந்தால் காப்பாற்றலாம், கோடுகள் ஆழமாகி, உள்ளே இருக்கும் நார் வெளித்தெரிந்தால் அந்த வாரை மாற்றித்தான் ஆக வேண்டும். விரலால் தேய்க்கும்போது செங்கல் பொடிபோலச் சிவந்த தூள் ஒட்டிக்கொண்டால், பதனிட்ட தோலின் நாரே அழிந்துவிட்டது. அதற்கு மருந்து கிடையாது, அலமாரியில் வைத்துப் பார்க்கலாம். விற்பனைக்கு முந்தைய இரவு எண்ணெயை வாரிப் பூசி வெடிப்புகளை மறைப்பது பழைய தந்திரம். தோல் கருத்து, தொட்டால் பிசுபிசுத்து, துணியில் கறை படிந்தால் எச்சரிக்கையாக இருங்கள். லட்டிகோவும் சின்ச்சும் நைந்திருப்பதைக் கண்டு மட்டும் மனம் தளர வேண்டாம். அவை தேயவேண்டிய உறுப்புகள், சில பத்து டாலர்களில் புதிதாகக் கிடைக்கும்.

கவிழ்த்த நிலையிலேயே ரோமத்தையும் ரிக்கிங்கையும் பார்த்துவிடலாம். உண்மையான ஆட்டுரோமத்தை விலக்கினால் வேரில் தோல் தெரியும். செயற்கை ரோமத்தில் நெய்த துணி தெரியும். எலி கடித்த குழிகளும் வழுக்கைத் திட்டுகளும் இருந்தால், ரோமத்தை முழுக்க மாற்றச் சில நூறு டாலர் ஆகும் என்பதை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் தேய்மானம் மிகவும் வேறுபட்டால் ட்ரீ கோணலாக இருக்கலாம், அல்லது சவாரி செய்தவர் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். ரிக்கிங் வளையத்தைத் தாங்கும் தோலின் தையலையும் ஆணிகளையும் இழுத்துப் பார்ப்பது கட்டாயம். ஓட்டத்தின் நடுவே அது விட்டுப்போனால் சேணத்தோடு ஆளும் கீழே வருவார்.

அடுத்த கேள்வி, இது எந்த வேலைக்கான சேணம் என்பது. கொம்பைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். கட்டையாக, தடிமனாக, ரப்பர் நாடா சுற்றியிருந்தால் அது கயிறு வீசுபவரின் ரோப்பிங் சேணம். ரப்பரில் கயிறு எரித்த கருந்தடங்கள் இருந்தால் அது உண்மையிலேயே வேலை செய்திருக்கிறது, ட்ரீயை இன்னொரு முறை சோதிப்பது நல்லது. கொம்பு மெலிந்து உயர்ந்து, இருக்கை கிண்ணம்போல ஆழ்ந்து, மொத்தமும் எடை குறைவாக இருந்தால் பீப்பாய்களைச் சுற்றி ஓடும் போட்டிக்கான பேரல் சேணம். மெலிந்த கொம்போடு இருக்கை தட்டையாக இருந்தால், மந்தையிலிருந்து மாட்டைப் பிரித்தெடுக்கும் கட்டிங் சேணம். மெத்தென்ற இருக்கையோடு இருப்பது நெடுவழிச் சவாரிக்கானது. வெள்ளி நிறைந்தது காட்சிக்கோ அணிவகுப்புக்கோ செய்தது.

அதே ரிக்கிங், பழைய சேணம் எந்த வட்டாரத்தில் பிறந்தது என்பதையும் சொல்லும். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு சின்ச் கட்டும் அமைப்பு டெக்ஸஸ் மரபு. அங்கே கயிற்றின் முனையைக் கொம்பில் முடிந்தே வைத்திருப்பார்கள். மாடு இழுக்கும்போது சேணத்தின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளாதிருக்க இரண்டாவது பட்டை தேவைப்பட்டது. கலிஃபோர்னியாக்காரர்கள் கயிற்றைக் கொம்பில் சுற்றிச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுப்பார்கள் என்பதால், நடுவில் ஒரே சின்ச் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஸ்பானிய மொழியில் சுற்றுப் போடு என்னும் பொருள்படும் தார் லா வுவெல்தா என்ற தொடர்தான் அமெரிக்கர் வாயில் டாலி என்று சுருங்கி, இன்றும் அந்தச் சுற்றலின் பெயராக இருக்கிறது. அங்கவடியின் முன்பக்கத்தை மூடி நீளமாகத் தொங்கும் தப்படேரோ என்னும் தோலுறையும் கலிஃபோர்னியா, நெவாடா பக்கத்து அடையாளம். பழைய சேணத்தோடு அதுவும் சேர்ந்து வந்தால் விலை ஏறும்.

காலத்தை மதிப்பிட ஃபோர்க்கைப் பார்க்க வேண்டும். ஸ்வெல் இல்லாமல் கொம்பிலிருந்து நேரே சரிந்து இறங்கும் ஃபோர்க், உயர்ந்து செங்குத்தாக நிற்கும் கேண்டில், அங்கவடி வார் வெளியே தெரியும்படி இருக்கைத் தோலில் வெட்டிய திறப்பு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையோ அதை ஒட்டிய சில ஆண்டுகளையோ எண்ணலாம். புடைத்த ஸ்வெல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவலானது. 1920களில் அது மிகையாக அகன்று, சவாரி செய்பவரின் தொடையைச் சிறைப்படுத்தும் அளவுக்குப் போனது. கயிறு வீசும் போட்டிகள் பெருகியபோது, சட்டென்று இறங்கி ஓட வசதியாகக் கேண்டில் தாழ்ந்தது. ஆனால் இதை மட்டும் நம்பித் தேதி குறிக்கக் கூடாது. பழைய பாணியை விரும்பி இன்றும் ஸ்வெல் இல்லாத சேணம் செய்விப்பவர்கள் இருக்கிறார்கள். பளிச்சென்ற துருப்பிடிக்காத எஃகு வளையமும் எந்திரத் தையலும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

இனி முத்திரை. பழைய சேண விலையில் பெரும்பங்கைத் தீர்மானிப்பது, ஒரு விரல்நகம் அளவேயுள்ள இந்த அடையாளம்தான். இருக்கையில் கொம்புக்குச் சற்றுப் பின்னால், லட்டிகோவின் மிச்ச நீளத்தைச் செருகி வைக்கும் தோல் துண்டில், ஃபெண்டரின் மேற்புறத்தில், கேண்டிலின் முதுகில் என்று இந்த நான்கு இடங்களிலும் தேடுங்கள். தேய்ந்துபோன முத்திரையை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறையை இருட்டாக்கி, கைவிளக்கைத் தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்துவரும். முதலில் ஊர்ப்பெயரைப் படிக்கப் பாருங்கள். பல நேரங்களில் ஆளின் பெயரைவிட ஊர்தான் துப்புக் கொடுக்கும்.

வயோமிங் மாநிலத்துச் செயன் என்று இருந்தால் செய்தவர் எஃப். ஏ. மீனியாவாக இருக்கலாம், கேண்டிலின் விளிம்பு பின்னோக்கி மடிந்து நிற்கும் செயன் ரோல் என்ற அமைப்பு அந்த ஊர்ப் பெயரால்தான் வழங்குகிறது. கொலராடோவின் புவெப்லோ என்றால் ஆர். டி. ஃப்ரேசியரும் எஸ். சி. காலப்பும், டென்வர் என்றால் ஹைசர், மொன்டானாவின் மைல்ஸ் சிட்டி என்றால் ஃபர்ஸ்ட்னோவும் 1909இல் தொடங்கிய மைல்ஸ் சிட்டி சாட்லரியும், ஆரெகனின் பெண்டில்டன் என்றால் 1905இல் அங்கே குடிபெயர்ந்த ஹாம்லி. கலிஃபோர்னியாவின் விசேலியாவில் 1870இல் தொடங்கிய விசேலியா ஸ்டாக் சாடில் கம்பெனி பின்னர் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாறியது. முத்திரையில் இருக்கும் ஊரும் வீதி முகவரியுமே அதன் சேணங்களுக்குக் காலம் குறிக்க உதவுகின்றன. நெவாடாவின் எல்கோவில் கடை வைத்திருந்த ஜி. எஸ். கார்சியா, 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் தன் சேணத்துக்குத் தங்கப் பதக்கம் பெற்றவர். ஸ்வீடனில் 1895இல் பிறந்து ஹாலிவுட்டில் கடை நடத்திய எட்வர்ட் போலின், திரைப்பட நாயகர்களுக்கும் அணிவகுப்புகளுக்கும் வெள்ளிச் சேணங்கள் செய்தவர். கார்சியா, போலின் ஆகியோரின் உயர்ந்த வேலைப்பாடுகள் ஏலங்களில் பல்லாயிரம் டாலருக்குப் போகின்றன.

இவர்களெல்லாம் சேகரிப்பாளர்களின் உலகம். சாதாரணமாகக் கொட்டகைகளில் கிடைப்பவை தொழிற்சாலைச் சேணங்கள்: டெக்ஸஸின் யோகம் ஊரிலிருந்து டெக்ஸ் டான், சர்க்கிள் ஒய், டென்னசியின் சாட்டனூகாவிலிருந்து சிம்கோ, பிக் ஹார்ன், கிரேட்ஸ். பில்லி குக் என்ற பெயர் வந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஓக்லஹோமாவின் சல்ஃபர் என்ற ஊர்ப்பெயரோடும் டெக்ஸஸின் கிரீன்வில் என்ற ஊர்ப்பெயரோடும் அந்த முத்திரை உண்டு. இரண்டும் பயன்படக்கூடிய சேணங்களே என்றாலும் சந்தை இரண்டையும் ஒரே தராசில் வைப்பதில்லை. ஊரைக் கேட்காமல் பெயரை மட்டும் கேட்டு விலை பேசாதீர்கள். தொழிற்சாலைச் சேணங்களில் பெரும்பாலும் ஓர் எண் தொடரும் அடித்திருக்கும். மாதிரி, இருக்கை அளவு, சிலவற்றில் செய்த காலம் ஆகியவை அதில் அடங்கியிருக்கும் என்பதால், அதைக் குறித்துக்கொண்டு, இன்னும் இயங்கும் நிறுவனமானால் அதனிடமே கேட்டுவிடலாம்.

முத்திரையே இல்லாவிட்டால் கைவேலை பேசட்டும். கத்தியால் கீறிச் செதுக்கிய பூ வேலையில், இடப்பக்கத்துப் பூவும் வலப்பக்கத்துப் பூவும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் அச்சாக ஒத்துப்போகாது. இதழின் நுனியில் கத்தி நின்ற இடம் மயிரிழைபோல மெலிந்து முடியும். உருளையால் அழுத்திய மலிவு வேலையில் ஒரே பூ ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும், பள்ளங்கள் மேலோட்டமாக, ஓரங்கள் மழுங்கியிருக்கும். வெள்ளி வில்லைகளின் முதுகில், அசல் வெள்ளி என்பதைக் காட்டும் ஸ்டெர்லிங் என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்மன் சில்வர் என்று பெருமையாகச் சொல்லப்படுவதில் வெள்ளி என்பது பெயரில் மட்டும்தான். அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம்.

இந்தியாவில் செய்தது என்ற குறி அமெரிக்கச் சந்தையில் விலையை இறக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கான்பூர் 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் சேணம் செய்து கொடுத்த ஊர். கான்பூர்ச் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அந்த ஊர்க் கைகளுக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இருநூறு முந்நூறு டாலருக்குள் புதுச் சேணம் விற்க வேண்டும் என்று இறக்குமதியாளர் கேட்கும்போது, மெல்லிய தோலும் வலுக்குறைந்த ட்ரீயும்தான் அந்த விலைக்கு வரும். முத்திரையே இல்லாமல், புதிதாக, மிக மலிவாக ஒன்று கிடைத்தால் அந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். பழையதாக விற்கும்போது அதற்கு நூறு டாலர் தேறுவதே கடினம்.

சவாரிக்கு வாங்குவதானால் அளவும் விலையின் ஒரு பகுதி. இருக்கையின் அளவை, ஃபோர்க்கின் பின்பக்க நடுவிலிருந்து கேண்டிலின் மேல்விளிம்பு நடுவரை நேர்கோட்டில் நாடா பிடித்து எடுக்க வேண்டும். நடுத்தர உடல்வாகுள்ளவருக்கு 15, 16 அங்குலம் பொருந்தும். 12, 13 என்பவை சிறுவர்களுக்கானவை. விற்பனையில் வேகமாகப் போவதும் அந்த 15, 16 அங்குலம்தான். கல்லெட்டின் அகலத்தைக் கொண்டு குதிரையின் முதுகுக்குப் பொருந்துமா என்று பார்ப்பார்கள். குவார்ட்டர் ஹார்ஸ் என்ற அமெரிக்கக் குதிரை இனத்தின் பெயரால், ஆறரை அங்குலத்தை செமி குவார்ட்டர் ஹார்ஸ் பார் என்றும் ஏழு அங்குலத்தை ஃபுல் குவார்ட்டர் ஹார்ஸ் பார் என்றும் பொதுவாகச் சொன்னாலும், ஒரு நிறுவனத்தின் ஏழு இன்னொரு நிறுவனத்தின் ஏழாக இருப்பதில்லை. குதிரையின் முதுகில் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்வது வீண்.

இப்போது விலைக்கு வரலாம். ஒரே சேணத்துக்கு மூன்று சந்தைகள் இருக்கின்றன: ஏறிச் சவாரி செய்பவர், சேகரிப்பவர், வரவேற்பறையில் வைத்து அழகு பார்ப்பவர். முதலாமவருக்கு ட்ரீயும் அளவும் முக்கியம், இரண்டாமவருக்கு முத்திரையும் காலமும் மாற்றப்படாத பழைய உறுப்புகளும் முக்கியம், மூன்றாமவருக்குத் தோற்றம் போதும், ட்ரீ உடைந்திருந்தாலும் கவலையில்லை. உங்கள் கையில் இருப்பது எந்தச் சந்தைக்கு உரியது என்று தெரியாமல் விலை சொன்னால், மீனியா முத்திரையுள்ள சேணத்தைச் சவாரி விலைக்கு விட்டுவிடுவீர்கள், அல்லது சிம்கோ சேணத்துக்குப் பழம்பொருள் விலை கேட்டு வருடக்கணக்கில் காத்திருப்பீர்கள். இரண்டாவது தவறுதான் அதிகம் நடக்கிறது. ஐம்பது வயதான தொழிற்சாலைச் சேணம் வெறுமனே பழைய சேணம்தான். வயதுக்கென்று தனியாக யாரும் பணம் தருவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாட்டனூகா முத்திரையுள்ள நெடுவழிச் சவாரிச் சேணம், இருக்கை பதினைந்தரை அங்குலம், ட்ரீ உறுதி, தோல் காய்ந்திருந்தாலும் உயிர் இருக்கிறது, ரோமத்தில் பாதி போய்விட்டது, லட்டிகோ இரண்டும் நைந்திருக்கின்றன. விற்பவர் 600 டாலர் கேட்கிறார். அதே மாதிரி நல்ல நிலையில் 600க்கு விற்றிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ரோமத்துக்கு 300, லட்டிகோவுக்கும் சின்ச்சுக்கும் 80 என்று கழித்தால் 220தான் மிஞ்சுகிறது. ரோமத்தை இப்போதைக்கு விட்டுவிட்டு, தடித்த விரிப்பைப் போட்டு ஓட்டலாம் என்று துணிபவர் 300 வரை கொடுக்கலாம். அதற்குமேல் என் கை போகாது. இங்கே முக்கியமான சொல், விற்றிருக்கிறது என்பது. இணையத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் விலைகள் விற்பவர்களின் ஆசைகள். முடிந்த ஏலங்களையும் விற்றுப்போன பட்டியல்களையும் மட்டும் தேடிப் பார்க்க வேண்டும். தனியாகச் சொல்லிச் செய்விக்கும் புதுச் சேணம் ஐயாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம், பெயர்பெற்ற தொழிற்சாலைச் சேணம் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரம் வரை போகும் என்பதை மேல்வரம்பாக மனத்தில் வைத்துக்கொண்டால் கணக்கு தவறாது.

யார் அமர்ந்த சேணம் என்பதும் விலைதான், ஆனால் அதற்கு ஆவணம் வேண்டும். 2010இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில், திரைப்படக் கவ்பாய் ராய் ராஜர்ஸின் குதிரையான ட்ரிக்கரின் பாடம் செய்யப்பட்ட உடல் 2,66,500 டாலருக்கும், அதன் சேணமும் கடிவாளமும் 3,86,500 டாலருக்கும் போயின. குதிரையைவிடச் சேணம் விலைபோனது. இது ஒரு பிரபல நட்சத்திரத்துடையது என்று எங்கள் பெரியப்பா சொல்வார் என்ற வாய்மொழிக்கோ, விலை ஐந்து டாலர்கூட ஏறாது; சேணத்தோடு எடுத்த பழைய புகைப்படம், கடைச் சீட்டு, கடிதம் ஏதாவது கையில் இருக்க வேண்டும். ரோடியோ என்னும் கவ்பாய் போட்டிகளின் பரிசுச் சேணங்களில் ஃபெண்டரில் பெரிதாகச் செதுக்கியிருக்கும் போட்டிப் பெயரும் ஆண்டும் இதேபோல இருமுனைக் கத்தி. பெரிய போட்டியானால் சேகரிப்பவர் தேடி வருவார். மாவட்ட அளவுப் போட்டியானால், இன்னொருவர் வென்ற பரிசில் ஏறி உட்கார விரும்பாதவர்கள் விலையைக் குறைத்துக் கேட்பார்கள்.

முத்திரை பழைய பெருங்கடைகளில் ஒன்றினுடையது என்று ஐயம் எழுந்தால், எதையும் துடைக்காமல், எண்ணெய் பூசாமல், உடைந்த வாரை மாற்றாமல் நிறுத்திவிட்டு, முதலில் சேண ஏலம் நடத்துபவரிடமோ அனுபவமுள்ள சேணத் தொழிலாளியிடமோ படம் அனுப்புங்கள். அனுப்பவேண்டிய படங்கள் ஏழு: இரு பக்கங்களும், முன்புறமும், பின்புறமும், மேலிருந்து இருக்கையும், பக்கவாட்டு வெளிச்சத்தில் முத்திரையும், கவிழ்த்து வைத்த அடிப்பக்கமும். இருக்கையின்மேல் நாடாவை நீட்டி வைத்தே எடுங்கள். அளவைக் கேட்டு அவர்கள் எழுதும் முதல் கடிதம் மிச்சமாகும்.